வேண்டாத விசைக்கு ஒரு பூட்டு



ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கணிப்பொறியில் தமிழ் எழுத முயன்று பாதியில் விட்ட பெரியவர்களை வீட்டு இளைஞர்கள் இந்தப் பழமொழி சொல்லித்தான் கேலி செய்கிறார்கள். ஆனால், கூடமே கோணலாக இருக்கும் இடங்களும் உண்டு. விசைப்பலகை அவற்றுள் ஒன்று.

முழு அளவு விசைப்பலகையில் நூற்றுக்கும் மேற்பட்ட விசைகள் இருக்கின்றன. தமிழ் எழுத எத்தனை வேண்டும்? 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையில், உயிருக்கு 12, மெய்க்கு 18, ஆய்தத்துக்கு 1, ஆக 31 விசைகள். கிரந்த எழுத்துகளுக்கு ஷிப்டை அழுத்தினால் போதும். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டுகள்தாம். முதல் மகரத்தின் மேல் புள்ளி தானாக விழுந்துவிடும். இத்தனை எளிய முறை நம்மிடம் இருக்க, கை தடுமாறுவது ஏன்? சுற்றி நிற்கும் மற்ற விசைகளால்தான்.

கேப்ஸ் லாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இது தட்டச்சுப் பொறிக் காலத்து மிச்சம். பெரிய எழுத்துக்காக ஷிப்டை அழுத்தியே பிடித்திருந்தால் சுண்டுவிரல் ஓய்ந்துவிடும் என்பதால் வைத்த பூட்டு அது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லை. ஆயினும் தமிழ்99இல் 'அ' இருக்கும் விசைக்கு இடப்புறம் ஒட்டினாற்போல் உட்கார்ந்திருப்பது இந்தக் கேப்ஸ் லாக்தான்! அகரத்தைத் தேடும் விரல் அதில் பட்டுவிடும். பிறகு கடவுச்சொல் தட்டினால் தவறு, தவறு என்று வரும். கீழ்வரிசை விண்டோஸ் விசையில் விரல் பட்டாலோ, ஒரு பட்டியல் திறந்து, எழுதுவதெல்லாம் அதற்குள் போகும். இன்சர்ட் விசை சில மென்பொருள்களில் ஏற்கெனவே எழுதியதை ஒவ்வோர் எழுத்தாக விழுங்கும்.

இதற்கு ரயில்வேயில் ஒரு பழைய வழி உண்டு. சிக்னல் கேபினில் லீவர்கள் வரிசையாக நிற்கும். ஒரு தடத்தில் வண்டி நின்றாலோ வேலை நடந்தாலோ, அதற்குரிய லீவரின் தலையில் 'லீவர் காலர்' என்ற வளையத்தை மாட்டுவார்கள். லீவர் அங்கேயே இருக்கும். ஆனால் மறதியாக யாரும் இழுத்துவிட முடியாது. வேலை முடிந்ததும் வளையத்தைக் கழற்றிவிடலாம். விசைப்பலகைக்கும் இதுவே நல்ல வழி. விசையின் மூடியைப் பிடுங்கி எறிய வேண்டாம்; வளையம் மாட்டினால் போதும்.

இப்போது கிடைக்கும் மெக்கானிக்கல் விசைப்பலகைகளில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி சுவிட்சு உண்டு. நிரல்படுத்தக்கூடிய வகையாக இருந்தால், எந்தச் சுவிட்சு எந்த எழுத்து என்ற அட்டவணை உள்ளிருக்கும் சில்லில் பதிந்திருக்கும். அதை நாமே மாற்றலாம். பெங்களூரில் எஸ்.பி. ரோடு கடைகளில் விசாரிக்கும்போது, 'வயா' என்ற மென்பொருளுக்கு ஒத்துவருமா என்று கேளுங்கள். வயாவைத் திறந்து, பலகையைக் கம்பி வழியே இணைத்தால் அதன் படம் திரையில் தெரியும். வேண்டாத விசையைத் தொட்டு, எதுவும் எழுதாத வெற்று விசையை அதற்கு ஒதுக்குங்கள். வேலை முடிந்தது. மாற்றம் பலகைக்குள்ளேயே பதிவதால் எந்தக் கணிப்பொறியில் செருகினாலும் நிலைக்கும்.

மூன்று எச்சரிக்கைகள். வெற்று விசைக்குப் பக்கத்தில் முக்கோணக் குறியிட்ட ஒன்று இருக்கும். அது விசையை அடைக்காது, கீழடுக்கில் உள்ளதை அப்படியே அனுப்பிவிடும். இரண்டாவது, அடுக்கு மாற்றும் எஃப்என் விசையை அடைக்காதீர்கள். மூன்றாவது, எதையும் மாற்றுமுன் பழைய அமைப்பைக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் விசையை அடைத்தால், அதனோடு ஸ்பேஸ் பாரை அழுத்தி மொழி மாற்றுவதும் நின்றுபோகும். கவலை வேண்டாம். அந்த இரண்டு விசைகளின் வேலையையும் கேப்ஸ் லாக்குக்கே கொடுத்துவிடலாம். தொல்லை கொடுத்த விசையே தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பாலமாகிவிடும்.

புதுப் பலகை வாங்க வசதியில்லாதவர்கள் மைக்ரோசாஃப்டின் 'பவர்டாய்ஸ்' மென்பொருளை இலவசமாகப் பெறலாம். அதிலும் விசையை அடைக்கும் வசதி உண்டு. ஆனால் அது ஓடும்போதுதான் பலன் தரும். கணிப்பொறியைத் திறக்கும் கடவுச்சொல் திரையில் உதவாது.

அல்சூரில் எழுபத்தெட்டு வயது நண்பர் ஒருவர் இருக்கிறார். கை நடுக்கம் உண்டு. தம் தகப்பனார் பிழைப்புத் தேடி இந்த ஊருக்கு வந்த கதையைப் பேரப்பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. இரண்டு பக்கம் எழுதுவதற்குள் பத்து முறை திரை மாறிப்போனதால் விட்டுவிட்டார். ஐந்து விசைகளுக்கு வளையம் மாட்டிய பிறகு இப்போது நாற்பதாவது பக்கத்தில் இருக்கிறார். நடுக்கம் குறையவில்லை, நடுங்கும் விரல் படக்கூடாத இடங்கள்தாம் குறைந்திருக்கின்றன.

பிழைக்க வந்த ஊரில் நம் குடும்பக் கதைகளை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்? உங்கள் வீட்டுப் பெரியவருக்கு அருகில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் உட்காருங்கள். எந்த விசை அவரைத் தடுக்கிறது என்று கேளுங்கள். அதற்கு ஒரு வளையம் மாட்டுங்கள். கூடத்தை நேராக்கினால், ஆட்டம் தானே வரும்.