ரெண்டரை மணி நேரத் தீர்ப்பு

முத்துக்கடையில் பஸ் ஏறி கிழக்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். மேற்கே போனால் வேலூர், தொரப்பாடி ஜெயில். ராஜீவ் காந்தி 1991 மே 21 அன்று கொல்லப்பட்ட இடமும், அந்த வழக்கின் கைதிகள் வருஷக்கணக்கில் இருந்த இடமும் ஒரே ரோட்டில். நடுவில் ராணிப்பேட்டைக்காரர்களான நாங்கள்! அதனாலோ என்னவோ, 'அரசியல் சதி' என்று போஸ்டர் ஒட்டினால் போதும், தோல் ஷாப்பில் ஷிஃப்ட் முடித்த கூட்டம் குளிக்காமல்கூட செகண்ட் ஷோவுக்கு வந்துவிடும்.

இந்தப் படங்களுக்கென்று ஒரு பக்குவம் உண்டு. 1986ல் பிலிம் இன்ஸ்டிட்யூட் பசங்க எடுத்த 'ஊமை விழிகள்' பாருங்கள். ஆரம்பத்தில் பெண்கள் ஒவ்வொருத்தராகக் கொலையாகிறார்கள், ஒரு கிழவி வந்து அடிவயிற்றைக் கலக்குகிறாள். சுத்தமான பேய்ப்பட பாணி. பயந்து சீட் நுனிக்கு வந்த பிறகுதான் பத்திரிகை ஆபீஸ், எம்.எல்.ஏ. என்று அரசியல் உள்ளே நுழையும். ஆர்.கே.செல்வமணி அதே அடுப்பில் இன்னும் விறகு வைத்தார். 1990ல் ஆட்டோ சங்கர் விவகாரத்தை வைத்து 'புலன் விசாரணை'. 1991ல் வீரப்பன் சாயலில் மன்சூர் அலிகானை இறக்கி 'கேப்டன் பிரபாகரன்'. நடுவில் ரம்யா கிருஷ்ணன் டான்ஸ். அதை யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை!

நானும் கேலி செய்ய மாட்டேன். கொலைக்குப் பின்னால் பெரிய இடத்து ஆள் இருக்கிறான் என்று பேப்பர்காரன் பூடகமாக எழுதியதை இவர்கள்தான் தொண்டை கிழியச் சொன்னார்கள். ஆனால் அதற்காகச் செத்த பெண்களுக்குப் படத்தில் என்ன பேர்? யோசித்துப் பாருங்கள். ஒன்றுகூட ஞாபகம் வராது. அலறல்தான் ஞாபகம்.

ராஜீவ் கொலையையே செல்வமணி 'குற்றப்பத்திரிகை' என்று எடுத்தார். சென்சாரில் மாட்டி, கோர்ட் படியேறி, ஒருவழியாக 2007ல்தான் வெளிவந்தது. அப்போது பி.காம். படித்துக்கொண்டிருந்தேன், கிளாஸை கட் அடித்துவிட்டுப் போனேன். தியேட்டரில் பத்துப் பேர். திரையில் ராம்கிக்கு நாடு எப்போதோ மறந்துவிட்ட தொண்ணூறுகளின் தலைமுடி. அதற்கு முந்தின வருஷமே ஏ.எம்.ஆர்.ரமேஷ் 'குப்பி'யில் சிவராசன் கோஷ்டியின் கடைசி நாட்களைக் காட்டிவிட்டார். பெரும்பாலும் பெங்களூர் கோணனகுன்டேயில் ஒரு வீட்டுக்குள்ளேயே கதை. வீட்டுக்குள் விட்டுவிட்டு முழிக்கும் குடும்பத்தைப் பார்க்கையில் வந்த பயம், எந்தக் கிழவியும் தராத பயம்.

நிஜ வழக்கு எப்படிப் போனது? 1998 ஜனவரியில் தடா கோர்ட் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே மாதம் சுப்ரீம் கோர்ட் நாலு பேருக்குத் தூக்கை உறுதி செய்தது, மூணு பேருக்கு ஆயுள் என்றது. மீதி 19 பேர் வெளியே வந்தார்கள். இதுவே படமாயிருந்தால் 26 பேரையும் கிளைமாக்ஸில் விஜயகாந்த் காலாலேயே முடித்திருப்பார். நானும் விசிலடித்திருப்பேன்.

போன மாசம் சென்னை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஷூ கம்பெனி ஐ.டி. கார்டு மாட்டிய ஒரு தம்பி. நினைவிடத்தைத் தாண்டும்போது, "அண்ணே, இங்கதானே? எல்லாரையும் தூக்குல போட்டாங்களா?" என்றான்.

"ஒருத்தரையும் போடலப்பா. 19 பேரைக் கோர்ட்டே அப்பவே விட்டுடுச்சு. மிச்சத்துல கடைசியா இருந்தவங்க 2022ல வந்தாங்க."

"இன்டர்வெல் வரைக்கும்தான் சொல்றீங்க போல" என்று சொல்லிவிட்டு இயர்போனை மாட்டிக்கொண்டான்.