உஷார்! பாகூருக்குக் கிளம்பும் முன் பையைக் கொட்டிப் பாருங்கள்

பாகூர் மூலநாதர் கோயிலைப் பார்க்கப் போகிறீர்களா? தாராளமாகப் போங்கள். ஆனால் பாண்டியில் லாட்ஜை விட்டு இறங்கும் முன் பையை ஒருமுறை கட்டிலில் கொட்டிப் பாருங்கள். பாட்டில் ஏதாவது உருண்டு விழுகிறதா? சீல் உடைக்காததோ, பாதி காலியானதோ, மச்சானுக்கென்று வாங்கி வைத்ததோ, எதுவானாலும் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். வாடகைக் காரின் டிக்கியையும் பாருங்கள். நேற்று ராத்திரி நண்பர்கள் எதையாவது அதில் மறந்து வைத்திருக்கலாம்.

"நான் என்ன கடலூரா போறேன்? பாண்டிக்குள்ளதானே சுத்தறேன்!" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

விஷயம் இதுதான். புதுச்சேரி ஒரே துண்டாக இருக்கும் நிலமல்ல. 293 சதுர கிலோமீட்டர் பரப்பு, பத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகக் கிடக்கிறது. நடுநடுவே தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டமும் விழுப்புரம் மாவட்டமும் நுழைந்து நுழைந்து போகின்றன. வில்லியனூர் பக்கமும் பாகூர் பக்கமும் கிராமச் சாலைகளில் போனால் ஒரு வயல் புதுச்சேரி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயல் தமிழ்நாடு, அதையும் தாண்டினால் மறுபடி புதுச்சேரி. எல்லையில் வளைவு இருக்காது, பல இடங்களில் பலகைகூட இருக்காது. மண் அதே மண், பேச்சு அதே பேச்சு. சட்டம் மட்டும் வேறு.

இந்தக் குளறுபடி 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கியது. ஆற்காட்டு நவாப் பதவிக்காக நடந்த சண்டையில் சந்தா சாகிபுக்குத் துணை நின்ற பிரெஞ்சு கவர்னர் டூப்ளே, அதற்குக் கூலியாக வில்லியனூரையும் பாகூரையும் சேர்த்துக்கொண்டார். 1752 ஆகஸ்டில் இதே பாகூரில் ஆங்கிலேயர்களும் பிரெஞ்சுக்காரர்களும் மோதினார்கள். ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸின் ஆங்கிலப் படை ஜெயித்தது. அதற்குப் பிறகும் ஊர்கள் பலமுறை கைமாறின. கடைசியில் 1814 பாரிஸ் ஒப்பந்தப்படி பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்தபோது, ஒட்டுப்போட்ட துணி போலத்தான் வந்தன. 1954-ல் அவர்கள் கிளம்பிப் போனார்கள். ஒட்டு அப்படியே நின்றுவிட்டது.

இப்போது உங்கள் கையில் இருக்கும் போனுக்கு வருவோம். மேப்பில் "பாகூர்" என்று போட்டால், அது கிலோமீட்டரையும் நிமிடத்தையும்தான் கணக்குப் பார்க்கும், மாநிலத்தைப் பார்க்காது. திரும்பி வரும்போது மெயின் ரோட்டில் நெரிசல் என்றால் ஏதோ ஒரு கிராமச் சாலையில் திருப்பிவிடும். அந்தச் சாலையில் நாலு கிலோமீட்டர் தமிழ்நாடாக இருக்கலாம். மேப்பைப் பெரிதாக்கினால் மெல்லிய கோடாக மாநில எல்லை தெரியும். கிளம்பும் முன் போகிற வழி முழுவதையும் அப்படி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அந்த நாலு கிலோமீட்டரில் போலீஸ் நிற்கும் நாள் உங்கள் நாளாக இருந்தால்?

"வண்டிய ஓரங்கட்டுங்க சார். எங்கேருந்து வர்றீங்க? டிக்கியத் தெறங்க."

"பாகூர் கோயிலுக்குப் போயிட்டு வர்றோம் சார். ஒரே ஒரு பாட்டில்தான்..."

அதோடு பேச்சு முடிந்தது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ஆம் வருஷத்தது. வெளிமாநில மதுவை அனுமதி இல்லாமல் கொண்டுவருவது அதன்படி குற்றம். புதுச்சேரியில் காசு கொடுத்து, பில் வாங்கி, முறையாக வாங்கினேன் என்று பில்லை நீட்டினால், வெளிமாநிலச் சரக்கு என்பதற்கு நீங்களே சாட்சி கொடுத்ததாக ஆகும். பாட்டிலைப் பிடுங்கி ஊற்றிவிட்டு அனுப்பினால் உங்கள் அதிர்ஷ்டம். வழக்குப் போட்டால் வண்டியும் போகும். பறிமுதல் செய்த வண்டிகளை ஏலம் விடுவது இங்கே வழக்கமான செய்தி. வாடகைக் கார் என்றால் சிக்குவது யார்? கோயில் வாசலில் டீ குடித்துக்கொண்டு நின்ற டிரைவர். உங்கள் பாட்டிலால் அவர் வண்டி மாதக்கணக்கில் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் காயும்.

இவ்வளவு கெடுபிடி ஏன்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதற்கு முந்தைய வருஷம் மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் விஷச் சாராயச் சாவு. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு அதே ஜூன் மாதக் கடைசியில் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளைக் கூட்டினார்கள். எல்லையில் நிற்கும் காவலர் உங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் நியாயம் இருக்கிறது, கோபப்படாதீர்கள். கடலூர் வழியாகத் திரும்புகிறவர்களுக்கு இன்னும் உஷார் வேண்டும். முள்ளோடையில் புதுச்சேரி முடிகிறது. பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஆல்பேட்டை செக்போஸ்ட். பஸ்ஸில் போகிறவர்களின் பையையும் அங்கே சோதிப்பார்கள்.

பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் நடுவே பார்ல என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கேயும் இதே கூத்து, எல்லை வீட்டுக்குள் புகுந்து போகிறது. ஆனால் நடைபாதை நெடுக வெள்ளைக் குறி போட்டு, இந்தப் பக்கம் இந்த நாடு, அந்தப் பக்கம் அந்த நாடு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சுற்றுலாக்காரர்கள் அதன்மேல் காலை விரித்து நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நமக்கு ஒரு தகரப் பலகை வைக்கக்கூட மனசு வரவில்லை.

வண்டி விஷயத்திலும் ஏமாந்துவிடாதீர்கள். பாண்டியில் திரும்பிய பக்கமெல்லாம் வாடகை ஸ்கூட்டர் கிடைக்கும். சாவியை வாங்கும் முன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். வாடகைக்கு விட உரிமம் பெற்ற வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் அது யாரோ ஒருவரின் சொந்த வண்டி. அதை ஓட்டிக்கொண்டு போய் எங்காவது இடித்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும், செலவு உங்கள் தலையில் விழும். ஆட்டோ பிடித்தால், தமிழ்நாட்டு எல்லைக்குள் ஓட பர்மிட் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொள்ளுங்கள், பின்னால் உட்காருகிறவரும் சேர்த்து. பஸ் என்றால் கன்னியக்கோயிலில் நிற்குமா என்று கேட்டு ஏறுங்கள். இல்லாவிட்டால் கடலூரில் இறங்கி நிற்பீர்கள். ராத்திரி கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் காசோடும் கேஸோடும் போகிற விஷயம். இனிமேல் சொல்லப்போவது உயிர் விஷயம்.

பாகூருக்குத் தெற்கே பெண்ணையாறு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணலும் நாணலுமாகக் கிடக்கும். பார்த்தால் பயமே வராது, அதனால்தான் பயப்பட வேண்டும். கர்நாடகத்தில் நந்தி மலையில் புறப்பட்டு, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து இங்கே வருகிற ஆறு இது. பாகூரில் வெயில் காயும்போதே ஆற்றில் வெள்ளம் வரலாம். உள்ளூர் வானத்தைப் பார்த்து இந்த ஆற்றை எடைபோட முடியாது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அது ஒரு அடி. அப்பாடா, மழை விட்டது என்று ஜனங்கள் வீட்டைக் கழுவத் தொடங்கியபோது அடுத்த அடி விழுந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். பெண்ணையாறு கரை புரண்டது. சோரியாங்குப்பம் உள்ளிட்ட ஆற்றங்கரை ஊர்களில் வெள்ளம் புகுந்தது. புதுச்சேரி–கடலூர் சாலையில் போக்குவரத்து நின்றது. பிறந்து வளர்ந்தவர்களே மொட்டை மாடிக்கு ஏறிய நாட்கள் அவை. வெளியூர்க்காரருக்கு எந்தச் சந்து மேடு, எந்தச் சந்து பள்ளம் என்று எப்படித் தெரியும்?

கொமந்தான்மேட்டுப் பக்கம் ஆற்றைக் கடக்கத் தாழ்வான வழி ஒன்று உண்டு. கடலூருக்குக் குறுக்கு வழி என்று உள்ளூர்க்காரர்கள் டூவீலரில் போய்வருவார்கள். ஆற்றில் தண்ணீர் ஏறினால் அது மூழ்கிவிடும். மேப்பில் மட்டும் சாலை மூழ்காது! தண்ணீர் கணுக்கால் அளவுதானே என்று இறங்காதீர்கள். கலங்கல் தண்ணீருக்கு அடியில் சாலை இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே ஸ்கூட்டரை இழுத்துக்கொண்டு போய்விடும். அங்கே யாராவது முள்ளை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தால், அதுதான் உங்களுக்குச் சிவப்பு விளக்கு. அதை நகர்த்திவிட்டுப் போகிற புத்திசாலி ஆகாதீர்கள்.

பாகூர் ஏரிக்கும் இதையேதான் சொல்வேன். ஊசுடு ஏரிக்கு அடுத்தபடியாகப் புதுச்சேரியின் பெரிய ஏரி அது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பெண்ணையாற்றுத் தண்ணீர் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பி, அலையடித்து, பறவைகளோடு நிற்கும் அழகைப் பார்த்தால் காலை நனைக்கத் தோன்றும். கரையில் நின்றே பாருங்கள். மண் எடுத்த பள்ளம் தண்ணீருக்குள் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. மழை பெய்த மறுநாள் ஏரிக்கரையில் காரை ஏற்றாதீர்கள். கரை மண் நெகிழ்ந்திருக்கும், திருப்பவும் இடம் கிடையாது. குழந்தைகளைக் கூட்டிப்போனால் கையை விடாதீர்கள்.

தை மாதம் போகிறவர்கள் சாலையைப் பார்த்து ஓட்டுங்கள். இது நெல் விளையும் மண். அறுவடை சமயத்தில் பாதி ரோட்டை மறித்து நெல்லைப் பரப்பியிருப்பார்கள், ஓரத்தில் செங்கல்லோ கருங்கல்லோ வரிசையாக வைத்திருப்பார்கள். சாயங்காலம் நெல்லை அள்ளிக்கொண்டு போவார்கள், கல் மட்டும் அங்கேயே கிடக்கும். இருட்டில் அது உங்கள் ஹெட்லைட்டுக்குத் தெரிவதற்குள் சக்கரத்துக்குத் தெரிந்துவிடும். நெல்மணிமேல் பிரேக் பிடித்தால் டூவீலர் வழுக்கிக்கொண்டு போகும். பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டரும் இதே சாலையில்தான் வருகிறது. இருட்டுவதற்குள் மெயின் ரோட்டுக்கு வந்துவிடுங்கள். ஏதாவது ஆகிவிட்டால் கடலூர் சாலையில் பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. 108-க்குப் பேசும்போது ஊர்ப் பெயரோடு புதுச்சேரியா தமிழ்நாடா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இத்தனை பயமுறுத்தலுக்குப் பிறகும் போகத்தான் வேண்டுமா? போகத்தான் வேண்டும். மூலநாதர் கோயில் சோழர் காலக் கற்றளி. சோழர்களை வென்று இந்தப் பக்கம் வந்த ராஷ்டிரகூட மன்னன் கன்னரதேவனின் கல்வெட்டுகளும் இங்கே இருக்கின்றன. அதற்கும் முன்னால், 9-ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் இவ்வூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்த செய்தி பாகூர்ச் செப்பேட்டில் இருக்கிறது. செப்பேட்டைக் காட்டுங்கள் என்று குருக்களை நச்சரிக்காதீர்கள். அது பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய் ரொம்ப காலமாகிறது. உச்சி வேளையில் போய் நடை சாத்தியிருக்கிறதே என்று புலம்பவும் வேண்டாம், காலையிலேயே போங்கள். சுவரில் எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று மாவையோ சாக்பீஸையோ தேய்க்கும் வேலை மட்டும் கூடவே கூடாது. இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் கோயில். சேதப்படுத்தினால் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். போனில் டார்ச்சைப் போட்டுப் பக்கவாட்டில் பிடியுங்கள், எழுத்து தானாகத் துலங்கும்.

இரண்டு அரசாங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சாலை எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு இடத்திலும் "இங்கிருந்து தமிழ்நாடு", "இங்கிருந்து புதுச்சேரி" என்று ஒரு பலகை வையுங்கள். தமிழ்நாட்டுப் பலகையில் வெளிமாநில மது குற்றம் என்பதையும் எழுதுங்கள். கொமந்தான்மேட்டில் அடிக்கணக்கு போட்ட கம்பம் ஒன்று நடுங்கள், வெள்ளக் காலத்தில் பூட்டுப் போட ஒரு குறுக்குக் கதவும் போடுங்கள். செலவு பெரிதாக ஆகாது. அடுத்த ஐப்பசிக்குள் செய்துவிடலாம்.