‘லைன்’ முதல் ‘லயம்’ வரை: தோட்டத் தமிழில் ஓர் ஆங்கிலச் சொல்

ஆங்கிலத்தில் ‘லைன்’ என்பது அன்றாட வழக்கிலுள்ள சிறு சொல். ஆளிச்செடியையும் அதன் நாரையும் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்த இது, கயிறு, கோடு, வரிசை, எல்லை, செய்யுள் அடி, இருப்புப்பாதை, தொலைபேசி இணைப்பு எனப் பல பொருள்களில் வழங்குகின்றது. கெடா மாநிலத்துப் பாடாங் செராய் வட்டாரத் தமிழில் இச்சொல் பெற்ற வடிவங்களையும் பொருள்களையும், வகுப்பறையில் அவற்றை அணுகும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

இவ்வட்டாரத்தில் இச்சொல் இரு நிலைகளில் வழங்குகின்றது. ‘லைன் கிடைக்கவில்லை’ என்பதில் தொலைபேசித் தொடர்பையும், ‘லைனில் நில்’ என்பதில் வரிசையையும் அது குறிக்கின்றது. ‘லைன் கிளியர்’ என்பது இருப்புப்பாதைச் சைகை முறைக்குரிய தொடர். தடை நீங்கியது என்னும் பொருளில் பேச்சிலும் வழங்குகின்றது. இவற்றிலெல்லாம் ஆங்கில ஒலிப்பு பெரிதும் மாறவில்லை. தோட்டக் குடியிருப்பைக் குறிக்கும்போது மட்டும் அது ‘லயன்’, ‘லயம்’ எனத் தமிழ் வடிவம் கொள்கின்றது.

இம்மாற்றம் தமிழ் இலக்கணத்திற்குப் புறம்பானதன்று. ஐகாரம் ‘அய்’ எனப் போலியாதலும், அஃறிணைப் பெயரின் ஈற்று மகரம் னகரத்தோடு உறழ்தலும் நம் இலக்கண நூலார் கூறியனவே. நிலம் - நிலன், கலம் - கலன் என்பன போன்றே லயம் - லயன் என்னும் இணையும் அமைந்துள்ளது. இசையில் வரும் வடமொழி ‘லயம்’ வேறு சொல். குதிரை கட்டும் ‘லாயம்’ என்பதும் வேறு. ஒலியொப்புமை கருதி இவற்றை ஒன்றாக்குதல் பொருந்தாது.

பிரித்தானியர் படைவீரர்களின் வரிசைக் குடியிருப்புகளை இப்பெயரால் அழைத்தனர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உள்ள ‘சிப்பாய் லைன்ஸ்’ என்னும் இடப்பெயர்கள் அதற்குச் சான்று. அச்சொல்லே தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கும் ஆகிவந்தது. அதிகாலையில் ஆளெண்ணும் ‘பெரட்டு’ என்பதும் அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபே. இலங்கை மலையகத்திலும் லயம், பெரட்டு ஆகிய இரண்டும் வழங்குகின்றன. படைமுகாமின் சொற்களால் தோட்டத்தொழிலாளரின் வீடும் விடியலும் பெயர் பெற்றமை எண்ணத்தக்கது.

இங்கு மற்றொன்றும் நோக்கத்தக்கது. தோட்டத்தில் வரிசையாக நடப்பட்ட மரங்களை நம் மக்கள் ‘நிரை’ என்றனர். ஆநிரையாகவும் நிரையசையாகவும் பண்டை நூல்களில் நாம் பயிலும் சொல் அது. எனவே வரிசையைக் குறிக்கத் தமிழ்ச்சொல் இல்லாமையால் ‘லைன்’ புகுந்தது எனக் கூற இயலாது. மரவரிசைக்குத் தம் சொல்லை வழங்கிய மக்கள், தம் வீட்டு வரிசைக்கு நிருவாகத்தின் சொல்லை ஏற்றனர்.

இன்றைய தாமான்களிலும் வீடுகள் வரிசையாகவே உள்ளன. ஆயினும் அவற்றை எவரும் லயம் என்பதில்லை. ஆகவே ‘லயம்’ என்பதன் பொருள் வரிசை வீடு என்பதோடு முடிவதன்று. தோட்ட நிருவாகத்திற்கு உரியதும், வேலையோடு வந்து வேலையோடு நீங்குவதுமான வீடு என்பதே அதன் பொருள். பல்லாண்டு உழைத்தும் ஓய்வு பெற்றதும், அல்லது நிலம் விற்கப்பட்டதும், குடியிருப்பை விட்டு வெளியேற நேர்ந்த குடும்பங்களின் வரலாறு அச்சொல்லில் உறைந்துள்ளது.

விக்டோரியா, ஹென்றியேட்டா ஆகிய தோட்டங்களின் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் பாடாங் செராயில் இன்றும் உள்ளன. ஆயினும் இன்றைய மாணவர் பலர் லயத்தைக் கண்டிரார். ‘லைன் கிடைக்கவில்லை’ என மாணவர் எழுதின் ‘தொடர்பு கிடைக்கவில்லை’ எனத் திருத்துதல் தகும், பொருள் சிதைவதில்லை. ‘என் பாட்டி லயத்தில் வாழ்ந்தார்’ என்பதை ‘வரிசை வீட்டில் வாழ்ந்தார்’ எனத் திருத்தினாலோ, பாட்டிக்கு உரிமையில்லாத கூரை அவர் விலைகொடுத்து வாங்கிய வீடாகத் தோன்றிவிடும். வடிவில் தமிழாகி, பொருளில் நம் வரலாறாகிவிட்ட அச்சொல்லை அவ்வாறே நிறுத்தி, அதன் பொருளை மாணவர்க்கு விளக்குவதே ஆசிரியர் கடன் என்பது நம் கருத்து.