தெளிந்த நீரெல்லாம் தூய நீரோ?

கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். வற்றாத ஆறென்று ஒன்றையும் காணாத யாழ்ப்பாணத்தவருக்கு அந்த வரிசையின் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை. மாரியில் வானம் தரும் நீர் சுண்ணக்கற்பாறையின் வெடிப்புகளினூடே இறங்கி, கீழே கிடக்கும் உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கின்றது. அந்த வில்லையிலிருந்தே நம் முன்னோர் துலாவால் அள்ளினர். நாம் இயந்திரத்தால் இறைக்கின்றோம்.

'எங்கள் கிணற்று நீர் பளிங்கு போன்றது' என்று பெருமை பேசாத வீட்டாரைக் காண்பது அரிது. அப்பெருமையிற் குற்றமில்லை. ஆயினும், கண்ணுக்குத் தெளிவாயிருத்தல் வேறு. உடலுக்குத் தீங்கின்றியிருத்தல் வேறு. இந்த வேறுபாட்டை ஆராய்ந்து அறிவதும், அறிந்ததை ஊருக்கு உரைப்பதும் உள்ளூராட்சி மன்றமொன்றின் தலையாய கடமைகளாகும். முன்னதை ஓரளவு செய்கின்றோம், பின்னதை மறந்துவிடுகின்றோம்.

ஆராயும் முறையை முதலிற் காண்போம். பொதுக்கிணறு, குழாய்வழி வழங்கும் நீர், பவுசரிற் கொண்டுசெல்லும் நீர் ஆகிய மூன்றும் சோதனைக்குரியவை. மாதிரி எடுக்கச் செல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிருமிநீக்கிய போத்தலொன்றைக் கொண்டுசெல்வார். குழாயாயின் அதன் வாயைத் துப்புரவாக்கிச் சில நிமிடங்கள் நீரை ஓடவிட்டே மாதிரியைப் பிடிக்கவேண்டும். கிணறாயின், பாரம் கட்டிய போத்தலைச் சுவரிற் படாமல் இறக்கவேண்டும். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துச் சில மணிநேரத்துள் ஆய்வுகூடத்திற் சேர்ப்பித்தல் அவசியம். தாமதித்தால், போத்தலுக்குள்ளேயே கிருமிகள் பெருகவோ மடியவோ கூடும். முடிவு கிணற்றின் உண்மையைக் கூறாது.

ஆய்வுகூடத்தில் 100 மில்லிலீற்றர் நீரை மிக நுண்ணிய துளைகளையுடைய மென்றகட்டினூடே வடித்து, அத்தகட்டைக் கிருமிகள் வளரும் ஊட்டப்பொருளின்மேல் இட்டு, ஏறத்தாழ 44 பாகை வெப்பத்தில் ஓர் இரவு வைப்பர். கண்ணுக்குப் புலப்படாத கிருமி, விடியும்போது எண்ணத்தக்க புள்ளியாகத் தோன்றும். ஈ. கோலை என்னும் பற்றீரியாவின் புள்ளி ஒன்றேனும் தோன்றுமாயின், அந்நீரில் மலம் கலந்துள்ளது என்பதற்கு அதுவே சான்று. அருகிலுள்ள மலக்குழியையும் கிணற்றுக் கட்டின் வெடிப்பையும் அதன்பின் ஆராயவேண்டும்.

குளோரீனிட்ட நீருக்கு வேறொரு சோதனையும் உண்டு. சிறு குழாயில் எடுத்த நீரில் மருந்து வில்லையொன்றை இட்டால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். நிறத்தின் அளவே எஞ்சிய குளோரீனின் அளவு. நீர் மக்களைச் சேரும் இடத்தில் இலீற்றருக்கு 0.2 மில்லிகிராமேனும் எஞ்சியிருத்தல் வேண்டும்.

கிருமியைக் கொதிக்கவைத்துக் கொல்லலாம். வெளிற்றும் தூளிட்டும் ஒழிக்கலாம். நைத்திரேற்றோ இவ்விரண்டுக்கும் அசையாது. தோட்டத்தில் அளவுக்கு மிஞ்சி இட்ட உரமும், மலக்குழியின் கசிவும் மெல்லிய செம்மண்ணைக் கடந்து விரைவில் நிலத்தடி நீரைச் சேர்கின்றன. இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நைத்திரேற்று, புட்டிப்பால் அருந்தும் பச்சிளங் குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்து, உடலை நீலம் பாரிக்கச் செய்யவல்லது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. பிள்ளையின் நலங்கருதி நீரை நெடுநேரம் காய்ச்சும் தாய், நீராவி போகப்போக எஞ்சிய நீரில் அந்நஞ்சைச் செறிவாக்குகின்றாள். அவள்மீது குற்றமில்லை, அவளுக்கு எவரும் சொல்லவில்லை.

சொல்லாமையின் விலையைச் சுன்னாகம் நமக்குக் கற்பித்தது. அப்பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததென்ற செய்தி 2015ஆம் ஆண்டில் குடாநாட்டையே கலக்கியது. நீர்பற்றிய அறிக்கைகள் ஒன்றோடொன்று முரண்பட, எதனை நம்புவதென்று அறியாது மக்கள் தவித்தனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்ரில் மாதத்தில், மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கவேண்டுமெனத் தீர்ப்பாயிற்று. தீர்ப்பு வந்தது, ஆனால், ஒருமுறை இழந்த நம்பிக்கையைக் கிணற்றுக்கு மீட்டுக் கொடுப்பது எளிதன்று.

ஆகவே நாம் வேண்டுவது பெரிதொன்றன்று. ஒவ்வொரு பொதுக்கிணற்றின் அருகிலும், சந்தையிலும், வாசிகசாலையிலும் ஒரு பலகை. அதிற் சோதித்த நாள், கண்ட அளவு, இருக்கத்தக்க அளவு, செய்யவேண்டியது என நான்கு வரிகள் தமிழில். முடிவு நன்றாயினும் எழுதுக; தீதாயினும் எழுதுக. ஆசிரியர்கள் தம் பாடசாலைக் கிணற்றின் அறிக்கையைச் சபையிடம் கேட்டுப் பெற்று, அதனையே ஒருநாள் விஞ்ஞான பாடமாக்கலாம். கோப்பினுள் உறங்கும் அறிக்கை எவருடைய தாகத்துக்கும் உதவாது. அடுத்த மாரிக்கு முன்னரேனும் அந்தப் பலகைகள் நம் ஊர்களில் எழுமாக.