சிறந்த மட்டையாளர் யார்?

கிரிக்கெட் நடைபெறும் நாள்களில் ஆரணித் தெருக்களில் தறியோசையுடன் ஓட்டக் கணக்கும் கலந்து ஒலிக்கும். வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் அவர்களின் தமிழ் வர்ணனையைக் கேட்டு வளர்ந்த தலைமுறையும், கைப்பேசித் திரையில் ஆட்டத்தைக் காணும் இளைய தலைமுறையும் கூடுமிடத்தில் ஒரு வினா தவறாமல் எழுகிறது. மட்டையாளருள் சிறந்தவர் யார்? மூத்தோர் கவாஸ்கர் என்பர். நடுவயதினர் டெண்டுல்கர் என்பர். மாணவர் கோலி என்பர். பெயர்களை அப்படியே நிறுத்திவைத்து, எந்த அளவுகோலால் அளப்பது என்பதை முதலில் ஆராய்வோம்.

தமிழ்த்துறையினர்க்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று வினவுவாரும் உளர். மதிப்பிடும் முறை பற்றிய சிக்கல் இலக்கியத் திறனாய்வுக்கும் உரியதே. சீறாப்புராணத்தில் 5027 விருத்தங்கள் உள்ளன. அத்தொகையைக் கொண்டு உமறுப்புலவரின் பெருமையை எவரும் உரைப்பதில்லை.

ஆட்டத்தில் பெரிதும் வழங்கும் அளவுகோல் சராசரி. ஒருவர் எடுத்த மொத்த ஓட்டங்களை அவர் ஆட்டமிழந்த முறைகளால் வகுத்தால் கிடைப்பது அது. ஆஸ்திரேலியாவின் பிராட்மன் 52 டெஸ்ட் ஆட்டங்களில் 6996 ஓட்டங்கள் எடுத்தார், சராசரி 99.94. நெடுங்காலம் ஆடிய வேறெவரும் 65ஐக் கூட எட்டியதில்லை. ஆதலின் பிராட்மனைப் பொறுத்தவரை வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. நமக்குள் வாதம் எழுவதெல்லாம் 40க்கும் 60க்கும் இடைப்பட்டவர்களைப் பற்றித்தான்.

இச்சராசரிக்கு ஒரு குறையுண்டு. 1975 உலகக் கோப்பையில் இங்கிலாந்து 60 ஓவர்களில் 334 ஓட்டங்களைக் குவித்தது. விடையிறுக்க வந்த கவாஸ்கர் 174 பந்துகளைச் சந்தித்து ஆட்டமிழக்காமல் 36 ஓட்டங்களே எடுத்தார். ஆட்டமிழக்கவில்லையாதலால் அவர் சராசரிக்கு அந்நாள் இலாபமாகவே முடிந்தது. அணிக்கு நேர்ந்ததோ பெருந்தோல்வி. நம் சென்னையின் ஸ்ரீகாந்த் டெஸ்ட் சராசரியில் 30ஐயும் தொடாதவர். ஆயினும் 1983 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியா எடுத்த 183இல் மிகுதியான ஓட்டங்கள் அவருடைய 38 தாம். (கவாஸ்கர் அன்பர்கள் பொறுத்தருள்க. வேகப்பந்துகளை எதிர்த்துத் தலைக்கவசமின்றி நின்று 10122 டெஸ்ட் ஓட்டங்கள் எடுத்தவரை ஓர் ஆட்டங்கொண்டு தாழ்த்துதல் நம் நோக்கமன்று.)

இனி நம் கருத்துக்கு உரைகல்லாக அமையும் ஆட்டத்திற்கு வருவோம். 1975 சனவரியில் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகள் அணியுடன் டெஸ்ட் நடைபெற்றது. ஆண்டி ராபர்ட்ஸ் அனல் பறக்க வீசினார். 64 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்தியா 190இல் சுருண்டது. அவற்றுள் 97 ஓட்டங்கள் ஒருவருடையவை. குண்டப்பா விஸ்வநாத் ஒருபுறம் ஆட்டமிழக்காமல் நிற்க, மறுபுறம் துணைவர் ஒருவர்பின் ஒருவராக வெளியேறினர். சதத்திற்கு மூன்று ஓட்டங்கள் இருக்கையில் இறுதித் துணைவரும் வீழ்ந்தார். இந்தியா அவ்வாட்டத்தை 100 ஓட்டங்கள் வேறுபாட்டில் வென்றது.

சதங்களின் பட்டியலில் இந்த 97ஐத் தேடினால் கிடைக்காது. விஸ்வநாத்தின் டெஸ்ட் சராசரியும் 42ஐ எட்டவில்லை. ஏட்டுக் கணக்கை மட்டும் பார்ப்பவர்க்கு அவர் பலருள் ஒருவரே. நம்மூரில் பட்டுச் சேலையை எடையிட்டு மட்டும் விலை கூறுவாரில்லை. பாவும் ஊடையும் சீராக இறங்கியுள்ளனவா, சரிகை எத்தகையது, கரையும் உடலும் பிசிறின்றி இணைந்துள்ளனவா என்று விரித்துப் பார்த்தே கூறுவர். அவ்வாறே ஓர் ஆட்டத்தையும் விரித்துப் பார்த்தல் வேண்டும். வீசியவர் யார், ஆடுகளம் எத்தன்மைத்து, துணைநின்றோர் எத்துணைப் பேர் என்னும் மூன்றையும் சேர்த்துப் பார்க்கையில் அந்த 97 பல இரட்டைச் சதங்களை விஞ்சி நிற்கிறது என்பதே நம் துணிபு.

இங்ஙனம் சூழலையும் சேர்த்து எண்ணும் முயற்சி 2001இல் நடந்தது. விஸ்டன் நிறுவனம் எதிரணிப் பந்துவீச்சின் வலிமை, ஆடுகளத்தின் இயல்பு முதலியவற்றுக்கும் மதிப்பெண் வகுத்து, நூறு சிறந்த டெஸ்ட் ஆட்டங்களின் பட்டியலை வெளியிட்டது. விஸ்வநாத்தின் 97 அதில் இடம்பெற்றது. ஆனால் டெண்டுல்கரின் ஆட்டம் ஒன்றேனும் அதில் இல்லை! நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. சூழலை அளக்கப் புகுந்த கருவிக்கும் ஒரு சாய்வு இருந்ததென்றே நாம் கருதுகிறோம்.

அமெரிக்கர் தம் பேஸ்பால் ஆட்டத்திலும் இதே வழக்கை நெடுங்காலம் நடத்தியுள்ளனர். அங்குப் பத்து முறையில் மூன்று முறை பந்தை வெற்றியுற அடிப்பவரே சிறந்தவர். 1941இல் டெட் வில்லியம்ஸ் நான்கு முறைக்கும் சற்று மேலான விகிதத்தைப் பெற்றார். ஆயின், தவறான பந்துகளை அடிக்காமல் விட்டு, அதனால் முதல் தளத்தை இலவசமாக அடையும் பொறுமையை அவர்களுடைய பழைய சராசரி கணக்கில் கொள்வதில்லை. பிற்காலத்தார் அதற்கெனத் தனி அளவையே வகுத்துக்கொண்டனர்.

வெற்றி பெற்றுத் தந்த ஆட்டமே சிறந்த ஆட்டம் என்பாரும் உளர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. 1999 சனவரியில் அதே சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுடன் நடந்த டெஸ்டில் இந்தியாவின் இலக்கு 271. 82க்கு 5 விக்கெட்டுகள் வீழ்ந்த நிலையில் டெண்டுல்கர், முதுகுவலியால் துடித்தவாறே மோங்கியாவுடன் போராடி 136 ஓட்டங்கள் எடுத்தார். வெற்றிக்கு 17 ஓட்டங்களே எஞ்சியிருக்கையில் சக்லைன் முஷ்டாக்கின் பந்தில் ஆட்டமிழந்தார். எஞ்சிய மூவரும் நான்கு ஓட்டங்களுக்குள் வெளியேறினர். 12 ஓட்டங்களில் தோல்வி. பின்வந்தோரின் தவற்றை அந்த 136இன் தலையில் ஏற்றுதல் முறையாகாது. அளவையிலும் நிறுவையிலும் நேர்மை வேண்டும் என்று நம் மார்க்கம் வலியுறுத்துவது கடைத்தெருவுக்கு மட்டுமன்று.

அன்று சேப்பாக்கத்தில் திரண்டிருந்த மக்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். தம் அணி தோற்ற அந்நேரத்திலும் அவர்கள் எழுந்து நின்று கைதட்டினர். வசீம் அக்ரமின் அணியினர் அக்கைதட்டலுக்கிடையே மைதானத்தைச் சுற்றி வந்தனர்.