கிற்றாரின் குரலும் ஒலிபெருக்கியும்

கிற்றார் அடக்கமான குரலுடைய வாத்தியம். வீட்டு முற்றத்தில் ஐந்தாறு பேர் சூழ்ந்திருக்கும்போது அதற்கு வேறு துணை வேண்டியதில்லை. ஆனால், நாற்பது ஐம்பது பேர் கூடிய நூலக மண்டபத்திலே, மின்விசிறிகள் இரைந்து சுழலும் வேளையில், அதன் ஒலி மூன்றாம் வரிசையைத் தாண்டுவதில்லை. வாசிப்பவர் கம்பிகளை வலிந்து அறைகிறார். பாடுபவர் தொண்டையை உயர்த்துகிறார். பாட்டின் நயம் இடையிலே மடிந்து போகிறது. 1960களில் ஈழத்துப் பொப்பிசையில் கிற்றார் பெற்ற இடத்தை நாமறிவோம். சொல் தெளிவாகக் கேட்டாலன்றி அத்தகைய பாட்டுக்கு வாழ்வில்லை. ஆகவே, சிறு அரங்குக்கு எவ்வகை ஒலிபெருக்கி ஏற்றது என என்னிடம் வினவும் மாணவர்க்காக இதனை எழுதுகின்றேன்.

மின்கிற்றாருக்கென அமைந்த பெருக்கியை மரக்கிற்றாருக்கு வாங்குதல் பொருந்தாது. முன்னதன் ஒலிபரப்பி, செக்கனுக்கு 5,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலிகளைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஒலியைத் திரித்துச் சுவையூட்டுவதும் அதன் தொழில். மரக்கிற்றாருக்கோ உள்ளதை உள்ளவாறே பெருக்கும் கருவி வேண்டும். அதனாலேயே இவ்வகைப் பெருக்கிகளில் உயர் சுரங்களுக்கெனத் தனியாக ஒரு சிறு ஒலிபரப்பியும் இருக்கும்.

அடுத்து, கம்பியின் அதிர்வை மின்னாக மாற்றும் உறுப்பைக் கவனிக்கவேண்டும். இது பெரும்பாலும் குதிரையின் மேல், கம்பிகளைத் தாங்கும் எலும்புத் துண்டின் அடியிலே பொருத்தப்படுகிறது. அழுத்தத்தால் சில பளிங்குகளில் மின் தோன்றுமென 1880இல் கியூரி சகோதரர் கண்ட உண்மையே இதற்கு அடிப்படை. இதன் மின்தடங்கல் மிக உயர்ந்தது. எனவே, கிற்றாரினுள்ளே முன்பெருக்கி இல்லையாயின், ஒலிபெருக்கியின் உள்ளீட்டுத் தடங்கல் பத்து இலட்சம் ஓமுக்குக் குறையாதிருத்தல் நன்று. குறைந்தால் கீழ்ச்சுரங்கள் நலிந்து, ஒலி தகரம்போல் மெலியும்.

உவாற்று எண்ணைக் கண்டு பலர் மயங்குவதுண்டு. வலுவை இரட்டித்தால் ஒலி மூன்று டெசிபெல்லே உயரும். காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்துமடங்கு வலு வேண்டும். ஆகையால், 60 உவாற்றுக்கும் 120 உவாற்றுக்கும் இடையிலுள்ள வேறுபாடு விலையில் தெரியுமளவு செவியில் தெரியாது. ஃபிஷ்மன் லவுட்பொக்ஸ் மினி 60 உவாற்று உடையது. நிறை ஏறக்குறைய 9 கிலோகிராம். வாத்தியத்துக்கு ஒன்றும் ஒலிவாங்கிக்கு ஒன்றுமாக இரு வழிகள் கொண்டது. தனியொருவர் பாடி வாசிக்க இது போதும். 30 உவாற்றுடைய ரோலண்ட் ஏசி-33 எட்டுச் சிறு மின்கலங்களாலும் இயங்கவல்லது. 2022இன் நீண்ட மின்வெட்டுகளைக் கண்ட நமக்கு அதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

இனி, அரங்கில் பாடகரை நாணச் செய்யும் ஊளையொலி. பெருக்கியிலிருந்து வரும் ஒலி கிற்றாரின் மரத்தை மீண்டும் அதிரச் செய்ய, அவ்வதிர்வு பெருக்கியை அடைந்து வளர்வதே பின்னூட்டல். பெரிய உடலுடைய கிற்றாரின் உள்வளி செக்கனுக்கு ஏறக்குறைய நூறு அதிர்வுகளில் பரிவுறுவதால், தொல்லை அங்கேயே மிகுதி. குறித்த அதிர்வை மட்டும் குறைக்கும் வடிகட்டியும், அலையின் கட்டத்தை மாற்றும் ஆளியும் உள்ள பெருக்கியைத் தேடுக. ஒலித்துளையை இறப்பர் மூடியால் அடைத்தலும், பெருக்கி கிற்றாரை நேரே நோக்காதவாறு வைத்தலும் செலவு குறைந்த பரிகாரங்கள். என் அனுபவத்தில், இவ்விரண்டுமே பல மாலைகளைக் காத்திருக்கின்றன.

வாங்கச் செல்வோர் தம் கிற்றாரையே கொண்டு செல்லவேண்டும். கடையிலுள்ள உயர்ந்த வாத்தியம் எப்பெருக்கியையும் இனிதாகக் காட்டிவிடும். ஒரு நண்பரை வாசிக்கச் செய்து, பத்தடி தள்ளி நின்று கேட்பது பின்னும் நன்று. பெரிய மண்டபத்தின் ஒலியமைப்போடு இணைக்கத்தக்க வெளியீடும் இருந்தால், பிற்காலத்திலும் அது பயன்படும்.

ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கக்கூடிய பொருளிது. அளவுக்கு மீறியதை வாங்கிக் கடன்படுவதிலும், மண்டபத்துக்கு ஏற்றதை வாங்கி நன்கு பழகுவதே மேல். கேட்போர் கருவியை மறந்து பாட்டை நினைத்தவாறு வீடு திரும்புவரேல், தெரிவு சரியென்று கொள்ளலாம்.