ஜப்பானிய வீதிகளில் மோட்டார் விசித்திரங்கள்

அந்நிய தேசத்தில் சில காலம் வசிக்க நேரும் நம்மவர்களுக்கு, வீதியில் போகும் நூதன மோட்டார்களை வேடிக்கை பார்ப்பதில் ஒரு தனிப் பிரியம் உண்டாகிவிடுகிறது. இது வீண் பொழுதுபோக்கு என்று பெரியோர் சிலர் இகழ்வர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு சர்க்கார் தன் தேசத்துத் தொழிலை எவ்விதம் பேணுகிறது என்பதை வீதியோரத்தில் நின்றபடியே அறியலாம்; டோக்கியோ நகரில் நாம் தங்கியிருந்த நாட்களில் இதைக் கண்கூடாகக் கண்டோம்.

அங்கே மஞ்சள் இலக்கத் தகடு தாங்கிய சிறு வண்டிகள் எங்கும் தென்படும். சில, அகலத்தைவிட உயரம் மிகுந்து, சக்கரம் முளைத்த அலமாரிபோல் இருக்கும். அபூர்வமாக ஒரு நாள், 1992-ல் வெளிவந்த ஆட்டோஸாம் ஏஇஸட்-1 எதிர்ப்படும். கதவுகள் பறவைச் சிறகுபோல் மேல்நோக்கித் திறக்கும். பார்வைக்குப் பந்தய வண்டி. யந்திரமோ 660 ஸி.ஸி.க்கு உட்பட்டது! இவ்வளவு வேறுபட்ட வண்டிகளும் ஒரே சட்டத்தின் பிள்ளைகள். நீளம் 3.40 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர், யந்திரம் 660 ஸி.ஸி.; இவ்வரம்புக்குள் அடங்கும் வண்டிக்கு வரி குறைவு. அன்றியும், மோட்டார் வாங்குவோர் அதை நிறுத்த இடமுண்டென்று அத்தாட்சி காட்டவேண்டும் என 1962-ல் அங்கே ஒரு சட்டம் பிறந்தது. கிராமப்புறங்கள் பலவற்றில் சிறு வண்டிக்கு அந்தத் தொல்லையும் இல்லை. வக்கீல் தொழில் பழகிய நமக்கு, சட்டப் புத்தகத்தின் ஷரத்து ஒன்று இரும்புத் தகட்டில் உருவெடுத்து உருண்டோடுவதைப் பார்ப்பது புதுமையாகவே இருந்தது.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததன்று. போர்டு கம்பெனி 1925-ல் யோகோஹாமாவிலும், ஜெனரல் மோட்டார்ஸ் 1927-ல் ஒஸாகாவிலும் தொழிற்சாலை திறந்து ஜப்பானிய வீதிகளைக் கைப்பற்றின. 1936-ல் இயற்றப்பட்ட சட்டம் அவ்விரு கம்பெனிகளையும் நெருக்கிற்று. 1939-க்குள் இரண்டும் உற்பத்தியை நிறுத்தின. அச்சட்டத்தின் பின்னே இராணுவத்தின் கை இருந்தது. அதை நாம் மெச்சமாட்டோம். ஆனால் யுத்தத்தில் தோற்று, வறுமையில் ஆழ்ந்திருந்த 1949-லேயே சிறு வண்டிகளுக்கென்று தனி வகுப்பொன்றை அந்தச் சர்க்கார் வகுத்தது அல்லவா? அது மெச்சத்தக்கது. 1955-ல் வரம்பு 360 ஸி.ஸி. ஆயிற்று. அவ்வாண்டே ஸுஸுகியின் ஸுஸுலைட்டும், 1958-ல் ஸுபாரு 360-ம் வெளிவந்தன. பின்னதைச் செய்த கம்பெனி, யுத்த விமானங்கள் செய்த நகாஜிமாவின் வாரிசு.

மோட்டார் சைக்கிளிலும் ஒரு விசித்திரம் கண்டோம். உணவுக்கடை வாசலில் நின்ற ஹோண்டா ஸூபர் கப்பின் பின்புறம் ஊஞ்சல்போல் ஒரு தட்டு தொங்கிற்று. வண்டி சாய்ந்தாலும் குலுங்கினாலும் தட்டுமட்டும் சமநிலையில் நிற்கும். ஸோபா கிண்ணத்திலுள்ள ரசம் சிந்துவதில்லை. 'தெமாயெகி' என்பது இதன் பெயர். ஸூபர் கப் 1958-ல் பிறந்தது. அதில் கிளட்சுக்கு இடக்கை வேண்டியதில்லை. ஒரு கையில் பண்டம் ஏந்தும் கடைப்பையனை உத்தேசித்தே அவ்வாறு அமைத்தனர் என்பர். 2017-க்குள் இவ்வண்டி 10 கோடி உற்பத்தியாகிவிட்டது. கடைப்பையனின் சௌகரியத்தை எண்ணிச் செய்த யந்திரம் உலகத்தையே வலம் வந்தது!

நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு. 1983-ல் குர்கானில் வெளிவந்த மாருதி 800, ஸுஸுகி ஆல்டோவின் வழிவந்தது. நமது மத்தியதர வகுப்பார் முதன்முதல் ஏறி அமர்ந்த அந்தச் சின்ன மோட்டாரின் அளவு, டோக்கியோவில் தீர்மானிக்கப்பட்ட அளவேயாகும். பிற்பாடு நாமும் ஒரு கோடு கிழித்தோம். 2006-ம் வருஷத்து வரவு செலவுத் திட்டம், 4 மீட்டருக்கு மேற்படாத, 1200 ஸி.ஸி. பெட்ரோல் அல்லது 1500 ஸி.ஸி. டீஸல் வண்டிக்குத் தீர்வையை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தது. கம்பெனிகள் செய்ததென்ன? 2008-ல் டாட்டா இண்டிகோவின் வால் நறுக்கப்பட்டது. 2012-ல் மாருதி டிஸயரின் வாலும் நறுக்கப்பட்டது. கோட்டுக்குச் சில மில்லிமீட்டர் உள்ளே அவை நின்றன. நமது வீதியில் காணும் மோட்டார் விசித்திரம் இதுதான்.

ஜப்பானியர் நீளத்தோடு அகலத்தையும் உயரத்தையும் அளந்தனர். வண்டி இரவில் எங்கே நிற்கும் என்றும் கேட்டனர். நமது 2006-ம் வருஷத்து விதியில் அகலத்தைப் பற்றியோ, நிறுத்துமிடத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. சந்துகள் நிறைந்த நகரங்களைக் கொண்ட தேசத்தில் இவற்றை ஏன் விட்டுவிட்டார்கள் என்பதை, மோட்டார் வரி அடுத்த தடவை விவாதத்துக்கு வரும்போது, பார்லிமெண்டில் உள்ள நமது பிரதிநிதிகள் எழுந்து கேட்பார்களாக.